இருபத்திரண்டு

வர்னா ஸ்ட்ரோபல் கையில் மைக் கிடைத்தால் லேசில் விடமாட்டாள் என்பது லாட்டிமர் கவுண்டி என்கிற அந்த மாவட்டம் முழுக்கத் தெரிந்த சங்கதி. சர்ச் விருந்துக்கு யார் யார் என்ன சமைத்துக் கொண்டுவர வேண்டும் என்று அறிவிப்பதற்கே கால்மணி நேரம் எடுத்துக்கொள்வாள். அன்றைக்கோ கவுண்டி நீதிமன்றக் கட்டிடத்தில் கூட்டம் வாசல் வரைக்கும் நின்றது. அவளுக்குக் கேட்கவா வேண்டும்?

மாநிலத் தலைநகர் டென்வரில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தார்கள். ஒருவன் தன்னையோ அடுத்தவரையோ சுட்டுவிடுவான் என்று வீட்டாருக்குப் பயம் வந்தால், நீதிபதியிடம் போய்ச் சொல்லலாம்; நீதிபதி உத்தரவு போட்டால் போலீஸ் வந்து அவனுடைய துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு போகும். அந்தச் சட்டத்துக்கு எங்கள் கவுண்டியில் ஒத்தாசை கிடையாது என்று தீர்மானம் போடத்தான் இந்தக் கூட்டம். தீர்மானத்தைக் கொண்டுவந்தவர், கவுண்டியை நிர்வகிக்கும் கமிஷனர்களில் ஒருவரான ஆர்லன், வர்னாவின் கணவர்.

“நம்ம வீட்டு ஆளுக்கு மனசு சரியில்லன்னா நமக்குத் தெரியாதா? டென்வர்ல இருக்கறவனுக்கா தெரியும்?” என்று ஆரம்பித்தாள் வர்னா. “இங்க ஒருத்தன் ஒரு மாதிரியா இருந்தா நாம என்ன செய்வோம்? பக்கத்துப் பண்ணைக்காரன் போவான். ‘டேய், கயோட்டி நரித் தொல்லை தாங்கல, உன் துப்பாக்கிய ஒரு மாசம் குடு’ம்பான். அவனும் குடுத்துருவான். ரெண்டு பேருக்கும் எதுக்குன்னு தெரியும், ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. மானமும் போகாது, உசுரும் போகாது. நம்ம ஆளுங்கள நாம பாத்துக்குவோம். அதுக்கு ஜட்ஜ் வேண்டாம்!”

கைதட்டல் கூரையைப் பிளந்தது. சுவரோரம் நின்ற கவுண்டி போலீஸ் தலைவர், ஷெரீஃப் கேல் ஏமிக், தொப்பியைக் கழற்றி, “அந்தக் காகிதத்தத் தூக்கிக்கிட்டு எவன் வீட்டுக் கதவையும் நான் தட்டப்போறதில்ல” என்றார். அதற்கும் கைதட்டல்.

மருந்துக்கடை மார்லிஸ் மட்டும் எழுந்து நின்றாள். “எங்க வீட்டுக்காரர்கிட்ட யாரும் துப்பாக்கியக் கடன் கேட்டு வரலையே, வர்னா,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், உட்கார்ந்துவிட்டாள். கூட்டம் ஒரு கணம் தரையைப் பார்த்தது. வர்னாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அப்புறம் யாரோ தொண்டையைச் செருமினார்கள், தீர்மானம் நிறைவேறியது.

கடைசி வரிசையில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வர்னாவின் தம்பி ட்வெய்னும் கை தட்டினான்.

அந்த வாரமே டென்வரிலிருந்து கீலியின் போன் வந்தது. கீலி ட்வெய்னின் ஒரே மகள். அங்கே ஆஸ்பத்திரியில், அவசரப் பிரிவில் நர்ஸ்.

“அத்தை, அப்பா நாய என்னை எடுத்துட்டுப் போகச் சொல்றாரு.”

“எந்த நாய?”

“நம்மகிட்ட எத்தன நாய் இருக்கு? டிக்கரத்தான்.”

வர்னா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். ட்வெய்னின் மனைவி லோர்னா புற்றுநோயில் போனபோது அவன் யார் முன்னாலும் அழவில்லை; டிக்கரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் அழுதான். மழை பொய்த்து மாடுகளை எல்லாம் லாரியில் ஏற்றி அனுப்பியபோதும் அந்த நாய்தான் கூட நின்றது. கேட்டால் ஒரு சிறுநீரகத்தைக் கழற்றிக் கொடுப்பான், டிக்கரைக் கொடுக்கமாட்டான்.

“ஏன்னு கேட்டியா?”

“கேட்டேன். ‘எனக்கப்புறம் அதுக்கு யாரு இருக்கா’ங்கறாரு. அத்தை, இந்தப் பேச்ச நான் தெனம் ஆஸ்பத்திரியில கேக்கறேன். நான் நாளைக்குக் கோர்ட்ல மனு போடப் போறேன்.”

“போடு. ரெண்டு போலீஸ் கார் விளக்கு சுத்திக்கிட்டு வரும். சாயங்காலம் காபிக் கடையில அதுதான் பேச்சு. அதுக்கப்புறம் உங்கப்பன் மொகத்த எங்க கொண்டுபோய் வெச்சுக்குவான்?”

“மொகம் கெடக்கட்டும். தலை இருக்கணும்ல?”

“நான் போறேன்டி. இன்னிக்கே போறேன். நான் கேட்டா அவன் குடுப்பான். அந்த வீட்ல ஒரு துப்பாக்கி இல்லாமத் தொடச்சு எடுத்துட்டு வர்றேன். போதுமா?”

“நீங்க பேசின வீடியோவப் பாத்தேன் அத்தை. நல்லாத்தான் பேசினீங்க. இத அப்பாவுக்காகச் செய்யறீங்களா, அந்தப் பேச்சுக்காகச் செய்யறீங்களா?”

“உன் வாய்க்கு நாலு போடணும்,” என்றாள் வர்னா. கேள்வி சுருக்கென்று தைத்தது என்பதால்தான் அப்படிச் சொன்னாள். இரண்டுக்காகவும்தான் என்று சொல்லியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும்.

கீலி மனுவைத் தள்ளிவைக்கச் சம்மதித்தாள். ஒரே நிபந்தனை: “எல்லாத்தையும். ஒண்ணு விடாம.”

வர்னா பழைய போர்வைகளைப் பிக்கப் வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். தம்பியின் சமையலறையில் காபி தீய்ந்த வாடை அடித்தது. ட்வெய்ன் சவரம் செய்து எத்தனை நாளாயிற்றோ. ஆனால் அவன் கண் போர்வைகளைக் கவனித்துவிட்டது.

“என்னக்கா, படுக்கையோட வந்துட்ட? ஆர்லன் வெரட்டி விட்டுட்டாரா?”

வர்னா வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வசனத்தைச் சொன்னாள். “கயோட்டி தொல்லை தாங்கலடா. உன் துப்பாக்கியெல்லாம் கொஞ்ச நாளைக்கு வேணும்.”

“எல்லாமா?”

“எல்லாம்தான்.”

“உங்க வீட்லயே அஞ்சு துப்பாக்கி இருக்கு. கயோட்டி என்ன, படை தெரட்டிக்கிட்டா வருது?”

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் கோணிக்கொண்டது. வர்னா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். எலும்புதான் கைக்கு அகப்பட்டது. “குடுத்துருடா,” என்றாள்.

கொடுத்துவிட்டான். இதில் ஒரு சண்டை, ஒரு தள்ளுமுள்ளு நடந்திருந்தால் கதை சொல்ல வசதியாக இருந்திருக்கும். நடக்கவில்லை. பெட்டகத்தைத் திறந்து மான் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாகக் குண்டு இருக்கிறதா என்று பார்த்து, அக்கா கையில் வைத்தான். வாத்து சுடும் இரட்டைக்குழல். அப்பாவின் ரிவால்வர். வர்னா ஒவ்வொன்றையும் குழந்தையைச் சுற்றுவதுபோலப் போர்வையில் சுற்றினாள். பெட்டகம் காலியானதும் அவன் படுக்கையறைக்குள் போய், லோர்னா படுத்த பக்கத்து இழுப்பறையிலிருந்து ஒரு சின்னக் கைத்துப்பாக்கியோடு வந்தான்.

“இதையும் வெச்சுக்க. இது இருக்கறது உனக்குத் தெரியாதுல்ல?”

“தெரியாது.”

“அவ தனியா இருக்கறப்ப பயமா இருக்குன்னு வாங்கிக் குடுத்தேன்.” நாற்காலியில் உட்கார்ந்தான். “நல்ல வேளை வந்த, அக்கா. அந்தப் பெட்டகத்துச் சாவியக் கெணத்துல போட்டுடலாம்னு கூட நெனச்சேன். அப்புறம் மான் சீசனுக்கு என்ன பண்றதுன்னு...”

“அவ்வளவுதானாடா? வேற துப்பாக்கி ஏதாவது?”

“அவ்வளவுதான். லோர்னா மேல சத்தியமா.”

அவன் பொய் சொல்லவில்லை. கடைசி வரைக்கும் அதை யாரும் சந்தேகப்படவும் இல்லை. வர்னா தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். மனுஷன் ஒருவழியாக அழுதானே என்று அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று.

அப்போதுதான் வெளியே டிக்கர் ஊரைக் கூட்டுவதுபோலக் குரைத்தது. இருவரும் ஓடினார்கள். முற்றத்தில் பட்டப்பகல் வெயிலில் ஒரு ஸ்கங்க், பூனையளவில் நாற்றம் பீய்ச்சும் காட்டுப் பிராணி, முதுகில் வெள்ளைக் கோடு தெரிய, குடிகாரனைப்போலத் தள்ளாடி நடந்துகொண்டிருந்தது. இருட்டில் உலவுகிற பிராணி பகலில் இப்படி வந்தால் வெறி பிடித்துவிட்டது என்று அர்த்தம். நாயைக் கடித்தால் நாய் போச்சு.

“டிக்கரப் பிடிடா!” என்று கத்திக்கொண்டே வர்னா கொட்டகைக்கு ஓடினாள்.

தீவன அறைக் கதவுக்குப் பின்னால், மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் நடுவே, இரண்டு ஆணியில் இருபத்திரண்டு தொங்கும். அப்பா காலத்திலிருந்து அங்கேதான் தொங்குகிறது. தோட்டாவின் பருமனை வைத்து வந்த பெயர். கட்டையில் கீறல், குழலில் துரு, தோள்வார் அறுந்து சணல் கயிறு கட்டியிருக்கும். குண்டு டப்பா பக்கத்து மாடத்தில் ஆணிகளோடும் திருகுகளோடும் கிடக்கும். வீட்டுக்குள் இருப்பவற்றை மான் துப்பாக்கி, வாத்துத் துப்பாக்கி என்று சொல்வார்கள். இதை யாரும் துப்பாக்கி என்று சொல்லிக் கேட்டதில்லை. “இருபத்திரண்ட எடுத்துட்டு வா” என்பார்கள், சுத்தியலை எடுத்துவா என்கிற மாதிரி. வர்னா, ட்வெய்ன், பிறகு கீலி, எல்லோரும் தகரடப்பாவை வேலியில் வைத்துக் குறி பார்க்கப் பழகியது இதில்தான்.

வர்னாவின் கை தன் பாட்டுக்கு அதை எடுத்தது, குண்டு போட்டது. ஒரே வெடி. ஸ்கங்க் சாய்ந்தது.

“ஏயப்பா!” என்றான் ட்வெய்ன், நாயை இடுப்போடு இறுக்கிக்கொண்டு. “கண்ணாடி போடாம பைபிள் படிக்கத் தெரியாது, இதுல மட்டும் குறி தப்பாது உனக்கு!”

“போடா. மண்வெட்டிய எடு, நாத்தம் கெளம்பறதுக்குள்ள புதை.”

அவன் மண்வெட்டியை எடுத்தான். அவள் இருபத்திரண்டை ஆணியில் மாட்டினாள். வாசலில் நின்று கையசைத்த தம்பி பழைய தம்பியாகத் தெரிந்தான். பிக்கப்பின் பின்பக்கம் போர்வைச் சுருள்கள் குலுங்க, வர்னா வழியெல்லாம் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தாள்.

“எல்லாம் எடுத்தாச்சு கீலி. லோர்னாவோடதக் கூட அவனே கொண்டாந்து குடுத்தான். இப்ப எங்க நெலவறையில, பூட்டி, சாவி என் கழுத்துல.”

கீலி போனில் விம்மினாள். “தேங்க்ஸ் அத்தை. நான் அப்படிக் கேட்டதுக்கு மன்னிச்சுக்குங்க.”

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் ட்வெய்ன் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தான். மாட்டிறைச்சி வறுவலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டான். ஆர்லனின் வழுக்கையைக் கிண்டல் பண்ணினான். டிக்கரைப் பற்றி இப்போது பேச்செடுப்பதில்லை. வர்னா அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். காலியாகக் காலியாக அவளுக்குத் தைரியம் வரும்.

ஆர்லனுக்குத் தலைகால் புரியவில்லை. காபிக் கடையில், பெயர் சொல்லாமல், ஆனால் எல்லோருக்கும் யாரென்று தெரிகிற விதமாக, “சட்டம் செய்யாதத என் பொண்டாட்டி ஒரு போர்வையால செஞ்சா” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். டென்வர் சட்டசபையில் இந்தச் சட்டத்தைப் பற்றி மறுபடி கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்திருந்தார்கள். பொதுமக்கள் போய்ப் பேசலாம். வர்னா பேச வேண்டும் என்று கமிஷனர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். வர்னாவும் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தாள். ‘எங்கள் குடும்பத்தில் ஒருவர்’ என்று தொடங்கும் பேச்சு. நன்றாகவே வந்திருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ட்வெய்ன் போனை எடுக்கவில்லை. வேலி கட்டப் போயிருப்பான் என்று நினைத்தாள். மறுபடி அடித்தாள். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு வண்டியை எடுத்தாள். மனசுக்குள் ஒரு பக்கம், பயப்பட ஒன்றுமில்லை, அந்த வீட்டில் ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

டிக்கர் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தது. அவள் வண்டியைப் பார்த்தும் எழுந்து வரவில்லை.

ஷெரீஃப் கேல் வந்து சேர்ந்தபோது வர்னா தீவன மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தாள். தம்பியின் முகத்தைத் தன் ஸ்வெட்டரால் மூடியிருந்தாள். கேல், ட்வெய்னோடு ஒரே வகுப்பில் படித்தவர், ஒரே அணியில் கால்பந்து ஆடியவர். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு செய்யவேண்டியதைச் செய்தார். கடைசியில் அவள் முன்னால் வந்து குந்தினார்.

“வர்னா, கேக்காம இருக்க முடியாது. அவன்கிட்ட வேற துப்பாக்கி இருந்துதா?”

“இல்ல கேல். எல்லாத்தையும் நான் எடுத்துட்டுப் போயிட்டேன். ஒண்ணு விடாம.”

கேல் மெல்ல எழுந்தார். கையுறை போட்ட அவர் கையில், சணல் கயிறு தொங்க, அது இருந்தது. வர்னா அதைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். மண்வெட்டி இருந்தது, கடப்பாரை இருந்தது, நடுவில் இரண்டு ஆணி வெறுமையாக இருந்தது.

அவள் போட்ட சத்தத்தில் நாய் எழுந்து ஓடிவிட்டது.

“கேளு வர்னா,” என்றார் கேல். “எங்க கொட்டகையிலயும் ஒண்ணு தொங்குது. நான் கோர்ட்டு உத்தரவோட வந்திருந்தாலும் ‘எல்லாம் குடுத்தாச்சா’ன்னுதான் கேட்டிருப்பேன். அவனும் ‘ஆச்சு’ன்னுதான் சொல்லியிருப்பான். நானும் நம்பித்தான் போயிருப்பேன்.”

ஆறுதலுக்குத்தான் சொன்னார். அதற்குப் பதிலாக அவர் ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம் என்று வர்னாவுக்குத் தோன்றியது.

கீலி மத்தியானம் வந்தாள். நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் நேரே கிளம்பி வந்திருந்தாள். அதற்குள் ட்வெய்னைக் கொண்டுபோய்விட்டார்கள். அவள் வீட்டுக்குள் போகவில்லை. கொட்டகைக்குப் போய்த் தீவன அறைக் கதவுக்கு முன்னால் நின்றாள். வர்னா பின்னாலேயே போனாள். இவள் என்ன கேட்டாலும் கேட்கட்டும், காறித் துப்பினாலும் துப்பட்டும், முதலில் நாமே சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டாள்.

“கீலி, அன்னிக்கு அத எடுத்தது நான். முத்தத்துல ஒரு ஸ்கங்க் வந்துது. சுட்டுட்டு, நானே திரும்ப மாட்டினேன். இந்தக் கையால.”

“தெரியும் அத்தை.”

வர்னா நிமிர்ந்து பார்த்தாள்.

“அன்னிக்குச் சாயங்காலமே அப்பா போன்ல சொன்னாரு. ‘உங்கத்தை ஒரே வெடியில ஸ்கங்க்க சாச்சுட்டா, நீ பாக்காமப் போயிட்டியே’ன்னு. எத்தனையோ மாசம் கழிச்சு அவரு சிரிச்சுக் கேட்டேன். நானும் சேந்து சிரிச்சேன்.” கீலி ஆணியைத் தொட்டாள். “எதால சுட்டாங்கன்னு எனக்குக் கேக்கத் தோணல.”

“நீ அங்க எங்கயோ இருந்த. உனக்கென்ன...”

“என் வேலையே அதான் அத்தை. தெனம் எத்தன பேருகிட்டக் கேக்கறேன், வீட்ல துப்பாக்கி இருக்கான்னு. ‘இல்ல’ங்கறாங்க. பண்ணைக்காரங்க, மாடு மேய்க்கறவங்க, எல்லாரும் என் மொகத்தப் பாத்து ‘இல்ல’ங்கறாங்க. நானும் சரின்னு வீட்டுக்கு அனுப்பிடறேன்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் வர்னா கட்டிக்கொண்டிருப்பாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே போய், டிக்கரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, கடைசியில் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் ஏற்றினாள். அப்பா கேட்டுக்கொண்டபடியே நாய் டென்வருக்குப் போயிற்று.

அடக்கம் முடிந்தது. சர்ச் பெண்கள் சாப்பாடு கொண்டுவந்த பாத்திரங்களை எல்லாம் வர்னா கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். மார்லிஸின் பாத்திரத்தைக் கொடுக்க மருந்துக்கடைக்குப் போனபோது, மார்லிஸ் கல்லாவைச் சுற்றி வந்து அவளை அணைத்துக்கொண்டாள். வர்னாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

டென்வர் கூட்டத்து நாள் நெருங்கியது. ஆர்லன் சமையலறைக்கு வந்து, கதவில் சாய்ந்து நின்று, தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார். இந்த நாட்களில் அவரும் இளைத்துத்தான் போயிருந்தார்.

“டென்வருக்குச் சொல்லிடறேன், வர்னா. நீ வரலைன்னு. யாரும் தப்பா நெனக்க மாட்டாங்க.”

“நான் போறேன்.”

“போயி என்ன பேசுவ?”

“தெரியல. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. நம்ம வீட்ல எத்தன துப்பாக்கி இருக்கு?”

“ட்வெய்னோடதச் சேக்காமயா? அஞ்சு. உனக்குத் தெரியாதா என்ன?”

“இன்னொரு தடவ எண்ணுங்க.”

ஆர்லன் அவளை விநோதமாகப் பார்த்தார். பாவம், மனசு இன்னும் தேறவில்லை என்று நினைத்திருப்பார். அவளுக்காக, பொறுமையாக, ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லி விரலை மடக்கினார். அவர் சாய்ந்திருந்த கதவுக்குப் பின்னால், துடைப்பத்துக்குப் பக்கத்தில், அவர்கள் வீட்டு இருபத்திரண்டு சுவரில் சாத்தி வைத்தபடி இருந்தது.

“அஞ்சுதான்,” என்றார் ஆர்லன்.